கால் தெரிகிற படம்

பிப்ரவரி 2, திங்கள்

பறவை ஆராய்ச்சி பண்ணுகிற சாருமதி மேடம் ஒரு கேமராவையும் இந்த நோட்டையும் என் கையில் கொடுத்து, "அக்கா, தேதி போட்டு தினமும் எழுதணும். எத்தனை படம் எடுத்தீங்க, எதை வச்சீங்க, எதை அழிச்சீங்க, ஏன் அழிச்சீங்க, எல்லாம்" என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டார். நான் படித்ததே ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். அதிலும் பாதி நாள் வயிற்று வலி. இவ்வளவு தடி நோட்டைப் பறவையை மட்டும் எழுதி நிரப்ப முடியாது. ஊர் வம்பும் சேர்த்தால்தான் உண்டு.

வேலை இதுதான். எங்கள் குளத்துக் கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. மூன்று வருஷத்துக்கு முன்னால் இங்கே பொரித்த குஞ்சுகளில் ஐம்பதின் காலில் மேடம் வெள்ளை வளையம் மாட்டிவிட்டார். வளையத்தில் எழுத்தும் நம்பரும் உண்டு. அதுகள் வளர்ந்து பிறந்த இடத்துக்கே முட்டையிட வருகின்றனவா என்று அவருக்குத் தெரிய வேண்டும். கூட்டில் நிற்கும்போது காலை இலை மறைக்கிறது, எச்சம் மறைக்கிறது. பறக்கும்போதுதான் கால் தெரியும். ஆகவே பறக்கிறதைப் படம் பிடித்து, கால் தெரிகிற படத்தை வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிட வேண்டும்.

"அழகா இருக்குன்னு எதையும் வச்சிடாதீங்க அக்கா. எனக்குக் கால்தான் வேணும்."

"மாப்பிள வீட்டுக்காரவகூட மொதல்ல மொகத்தத்தான் பாப்பாவ மேடம். நீங்க எடுத்தவொடன கால காட்டுங்கிய."

மேடம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னார். "ஒண்ணே ஒண்ணு. நீங்களா கிளப்பக் கூடாது. அதுவா பறந்தா எடுங்க. பறக்கலைன்னா சும்மா உக்காந்திருங்க."

சும்மா உட்கார எனக்குச் சொல்லித் தர வேண்டுமா?

பிப்ரவரி 3, செவ்வாய்

எடுத்தது 61. வெறும் வானம் 38. வால் மட்டும் 9. என் கட்டைவிரல் 4. மீதி பத்தில் நாரை இருக்கிறது, கால் இல்லை. எல்லாவற்றையும் அழித்தேன். குப்பைத்தொட்டி படம் போட்ட பொத்தானை அமுக்கினால் போதும். என் கட்டைவிரலை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. நன்றாக விழுந்திருந்தது.

பிப்ரவரி 4, புதன்

காலையில் கரையில் "பாம்... பாம்..." வெள்ளைப்பாண்டி. என் வீட்டுக்காரரின் தம்பி. டி.வி.எஸ். வண்டியில் தகரப்பெட்டி கட்டி பன், ரஸ்க், தேங்காய் பன் விற்கிறார். கரை வழியாகப் போனால் அக்கரையில் மூன்று ஊருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிளம்புவதற்கு முன்னால் போய்விடலாம். ரோடு சுற்றிப் போனால் பிள்ளைகளும் இருக்காது, பன்னுக்கு ஆளும் இருக்காது. அவருடைய அண்ணன் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. இந்த வேலைக்கு என் பேரை மேடத்திடம் சொன்னதும் இவர்தான்.

"என்ன மயினி, காலு கெடச்சா?"

"ஒங்க காலத்தான் எடுக்கலாம்னு பாக்கேன் கொழுந்தனாரே. வெளிச்சம் பத்த மாட்டேங்கு. பேருலதான வெள்ள இருக்கு."

வண்டியை நிறுத்தி, பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். பத்தொன்பது வருஷமாக இதே கேலிதான். பத்தொன்பது வருஷமாக இவரும் புதிதாகக் கேட்கிற மாதிரிதான் சிரிக்கிறார்.

பிப்ரவரி 5, வியாழன்

எடுத்தது 22. வைத்தது 0. நாரைகள் பறப்பதே இல்லை. முட்டைமேலோ குஞ்சுமேலோ உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். நானும் உட்கார்ந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

பிப்ரவரி 6, வெள்ளி

கஞ்சி குடித்துவிட்டுத் தூக்குச்சட்டியை மூடும்போது மூடி கை தவறிக் கரைக்கல்லில் விழுந்தது. நல்ல எவர்சில்வர். ணங்கென்று ஒரு சத்தம். மரம் மொத்தமும் எழும்பிவிட்டது. எழும்பினது எழும்பிவிட்டது, இனி என்ன செய்ய என்று படம் எடுத்தேன். 40 எடுத்ததில் 17இல் கால் தெரிகிறது. வளையம் இல்லை. ஆனாலும் கால்!

மேடத்துக்குப் போனில் சொன்னேன். "சூப்பர் அக்கா! எப்படி எடுத்தீங்க?" என்றார். பொறுமைதான் மேடம் என்றேன்.

பிப்ரவரி 7, சனி

மூடி விழுந்தது. கால் 21.

பிப்ரவரி 9, திங்கள்

இன்றும் மூடி விழுந்தது. இரண்டு தடவை. எண்ணெய்க்கையோடு எடுத்தால் இப்படித்தான். கால் 33. இடத்தை அடைக்கிறது என்று பழையதில் சிலதை அழித்தேன். இறக்கை முழுதாக விரித்து, ஒவ்வோர் இறகும் தனித்தனியாகத் தெரிகிற படம் ஒன்று இருந்தது. கால் மரத்துக்குள் போய்விட்டதால் அதையும் அழித்தேன். அழித்த பிறகு கொஞ்ச நேரம் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையில் மரத்தடித் தண்ணீரில் மூன்று குஞ்சு கிடந்தது. இரண்டு செத்துவிட்டது. ஒன்றுக்கு உயிர் இருந்தது. முந்தானையில் சுற்றி எடுத்து வந்து, கரையோரத்து வனத்துறைக் கொட்டகையில் விட்டு மீன் ஊட்டினேன். விழுங்கியது.

வனக்காவலர் முனிரத்தினம் வந்து எண்ணிக் குறித்துக்கொண்டார். ஓசூர்ப் பக்கத்து ஆள், வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. எதைக் கண்டாலும் எழுதுவார். "ஏங்க, பெரிய பறவை திடீர்னு மிரண்டு எழும்பினாத்தான் குஞ்சு தடுமாறி விழும். எதுனா சத்தம் கேக்குதுங்களா இங்க?" என்றார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அப்போது பார்த்து அக்கரையில் "பாம்" என்று கேட்டது.

"எல்லாம் எங்க கொழுந்தன் வேலதான் சார்! அவரு பாம்னு ஒரு அடி அடிச்சாருன்னா நாரை மட்டுமா, சுடுகாட்டுல கெடக்கவனே எந்திரிச்சு வந்து ரெண்டு பன்னு கேப்பான்."

கொட்டகையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். முனிரத்தினம் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார்.

பிப்ரவரி 12, வியாழன்

கரை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டி, பலகை எழுதி மாட்டிவிட்டார்கள். குஞ்சு பறக்கிற வரைக்கும் வண்டி போகக் கூடாது. கரையில் வண்டி ஓட்டுகிறது ஊரிலேயே ஒரே ஆள்தான்.

முனிரத்தினத்தைத் தேடிப் போனேன். "சார், எங்க ஊருல மயினி கொழுந்தனப் பத்தி எது சொன்னாலும் அத ஒருத்தரும் காதுல போட்டுக்கிட மாட்டாவ. கேலி மொற. கல்யாண வீட்டுல இதவிட மோசமாச் சொல்லுவோம்."

அவர் நோட்டைத் திறந்து காட்டினார். "காலை நேர ஹாரன் சத்தத்தால் பறவைகள் மிரள்வதாகப் பணியாளர் சொர்ணம் தகவல்." என் பேரை அச்சடித்த மாதிரி எழுதியிருந்தார்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? நீங்க இங்க டூட்டில இருக்கறவங்க. கேட்டேன், சொன்னீங்க. அப்ப ஹாரன் இல்லீன்னா வேற என்ன சத்தம்ங்க?"

வெயில் நன்றாக ஏறிவிட்டது, குஞ்சுக்கு மீன் போட வேண்டும் என்று சொல்லி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

வெள்ளைப்பாண்டி ரோடு சுற்றிப் போய்விட்டு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். பெட்டி பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"என்ன மயினி, என்ன சொல்லி வச்சிய அந்த ஆளுகிட்ட?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"பேச்சுவாக்குல சொன்னது..."

"அது தெரியும். ஒங்க வாயி எனக்குத் தெரியாதா? நீங்க எடுத்துச் சொன்னா அழிச்சுருவாரு. மெதுவாச் சொல்லுங்க." ஒரு தேங்காய் பன்னை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

ராத்திரி அதைத் தின்னவில்லை. பசி இல்லை.

பிப்ரவரி 14, சனி

எடுத்தது 15. கால் 0. மூடியை வீட்டில் வைத்துவிட்டு வாழை இலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

பிப்ரவரி 16, திங்கள்

எடுத்தது 9. கால் 0. குஞ்சு எதுவும் விழவில்லை.

தெருக்குழாயில் அன்னக்கிளி சொன்னாள்: "ஒங்க கொழுந்தன்கிட்ட இனும வாங்கக் கூடாதுன்னு இருக்கோம் சொர்ணக்கா. பேறுகாலத்துக்கு வந்த பிள்ளைய வெரட்டுனவன் கையால வாங்கி எம்பிள்ளைக்கு எப்படிக் குடுக்க?"

எங்கள் ஊர் அப்படித்தான். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகள் மாதிரிதான் நாரை எங்களுக்கு. நாரைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போட மாட்டோம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு மேளத்தைக் குளத்துக்கு அந்தண்டை வாசிக்கச் சொல்வோம். அதை நினைத்துப் பெருமைப்பட்டுத்தான் மேடம் இங்கே வந்தார்.

குடம் நிரம்பி வழிந்ததை நான் கவனிக்கவில்லை. அன்னக்கிளிதான் குழாயை மூடினாள்.

பிப்ரவரி 18, புதன்

மேடம் போன். "அக்கா, இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு. ஒரு வளையம்கூட இல்லைன்னா அடுத்த வருஷம் இந்தக் குளத்துக்கு வேலையே கொடுக்க மாட்டாங்க. ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு கிடைச்சாப் போதும்."

பார்க்கிறேன் மேடம் என்றேன்.

பிப்ரவரி 19, வியாழன்

மூடி.

வளையம் கிடைத்துவிட்டது. ஏணி மாதிரி ஓர் எழுத்து, பக்கத்தில் 4, 7. மேடம் போனிலேயே கத்திவிட்டார். "A அக்கா அது! A47! இங்க பொறந்த குஞ்சு! திரும்பி வந்திருக்கு!" அழுதார் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

நேற்றைய படத்தைக் கேமராவிலேயே பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் A47, கால் இரண்டும் தொங்க, வாய் திறந்தபடி. எழும்புகிற மற்ற நாரைகளுக்கும் வாய் திறந்துதான் இருக்கிறது. எல்லாக் கழுத்தும் என் பக்கம் திரும்பியிருக்கிறது. படத்தின் ஓரத்தில் ஒரு காக்கை. அதன் அலகில் என்ன என்று இன்னும் பெரிதாக்கினேன். பிறகு சிறிதாக்கிவிட்டேன்.

மரத்தடிக்குப் போனேன். எண்ணவில்லை. முனிரத்தினம் எண்ணினார்.

"கரையத்தான் மூடிட்டோமே. அப்புறமும் எப்படிங்க?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். "அந்த ஆளு அக்கரைல இருந்து அடிக்கறானா?"

படத்தின் மூலையில் தேதி இருக்கிறது. பலகை மாட்டி ஒரு வாரம் கழித்து எடுத்த படம். ஹாரன் இல்லாத நாளில் மரம் மொத்தமும் எதற்காக எழும்பியது என்று, படத்தைப் பார்க்கிற யாரும் கேட்பார்கள். இதை அழித்துவிட்டால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. குப்பைத்தொட்டிப் பொத்தானை அமுக்கினேன். அழிக்கவா, வேண்டாமா என்று இரண்டு கட்டம் வந்தது. பேட்டரி தீர்கிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழிக்கவில்லை. நல்ல புத்தி என்று யாரும் நினைக்க வேண்டாம். அவ்வளவு நல்ல படம் அது.

பிப்ரவரி 22, ஞாயிறு

மத்தியானம் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். பங்குனிக் கொடைக்கு வரி எழுதுகிற கூட்டம். கமிட்டித் தலைவர் ஆறுமுகநயினார், வெள்ளைப்பாண்டி வீட்டில் இந்த வருஷம் வரி வாங்குவதில்லை என்றார். எங்கள் ஊரில் வரி வாங்கவில்லை என்றால் அந்த வீடு ஊரில் இல்லை என்று அர்த்தம். கொடைக்குப் பொங்கல் வைக்க முடியாது. நல்லது கெட்டதுக்கு யாரும் வாசல் மிதிக்க மாட்டார்கள். அவருடைய மகளுக்கு ஆவணியில் கல்யாணம் பேசி வைத்திருக்கிறது.

வெள்ளைப்பாண்டி எழுந்து, "மரத்துக்கு நேர நான் ஹாரன் அடிச்சதே இல்ல. அம்மன் சத்தியமா இல்ல" என்றார்.

அது நிஜம். கருவேல மரம் வந்ததும் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிடுவார். தாண்டிய பிறகுதான் அடிப்பார். கரையை மூடுகிற வரை தினமும் அங்கே உட்கார்ந்து கேட்டவள் நான். இந்த நோட்டில் அதை ஒருநாள்கூட நான் எழுதவில்லை.

எழுந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். வாயைத் திறந்ததும் அது தனக்குத் தெரிந்த ராகத்தில்தான் பேசியது.

"கமிட்டிக்காரவியளே, எங்கிட்டயும் வரி வாங்காதிய! நாந்தான் தெனமும் தூக்குச்சட்டி மூடியக் கல்லுல தட்டி, 'ஏட்டி நாரப் பிள்ளையளா, கொஞ்சம் கால காட்டுங்கட்டி'ன்னு ஆட வச்சவ!"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. ஆறுமுகநயினார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கொழுந்தனக் காப்பாத்த என்ன கத விடுதா பாருங்கவே! உக்காரு சொர்ணம், உக்காரு."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். சொல்லியாயிற்று, நம்பாதது அவர்கள் பாடு என்று உள்ளுக்குள் ஓர் ஆறுதல்கூட வந்தது. அதை எழுதக் கை கூசுகிறது. வந்தது.

வெள்ளைப்பாண்டி மட்டும் சிரிக்கவில்லை. என் கேலி எது, கேலி இல்லாதது எது என்று ஊரிலேயே தெரிந்த ஒரே ஆள் அவர்தான். என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். எனக்காக அவர் வெட்கப்பட்டார்.

பிப்ரவரி 23, திங்கள்

மூடி ஒருநாளும் தானாக விழவில்லை. முதல் நாள்கூட.

பிப்ரவரி 24, செவ்வாய்

படம் எடுக்கவில்லை. கொட்டகையில் குஞ்சுக்கு மீன் போட்டேன். நான்தான் போடுகிறேன் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. காலடிச் சத்தம் கேட்டாலே வாயைத் திறந்துகொண்டு ஓடி வருகிறது. பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டு போட்டேன்.

பிப்ரவரி 25, புதன்

மேடம் ஒரு டப்பா பால்கோவாவோடு வந்தார். கொட்டகையில் லேப்டாப்பை விரித்து, "முதல்ல A47, அதுக்கப்புறம்தான் மத்தது" என்றார். முனிரத்தினமும் பக்கத்தில் நின்றார்.

படம் பெரிதாக வந்தது. மேடம் கைதட்டினார். பிறகு தட்டிய கை அப்படியே நின்றது. அடுத்த படம், அதற்கடுத்தது என்று வேகமாகத் தள்ளிப் பார்த்தார். திரும்பவும் முதல் படத்துக்கே வந்தார்.

"அக்கா, இதெல்லாம் தானா எழும்பின மாதிரி இல்லையே. தானா எழும்பினா ஒண்ணு ரெண்டா எழும்பும். காத்தைப் பார்த்துப் போகும். இது மொத்தமும் மிரண்டு போகுது."

முனிரத்தினம் குனிந்து மூலையைப் பார்த்தார். "பத்தொன்பதாம் தேதிங்க மேடம். பன்னிரண்டுலயே கரைய மூடிட்டோம்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் கேலி வந்துவிடும் என்று எனக்குப் பயம். இந்த நோட்டை மேடத்தின் கையில் கொடுத்தேன். "முழுசாப் படிச்சிருங்க மேடம்" என்றேன்.

அவர் படித்த நேரம் முழுவதும் நின்றுகொண்டிருந்தேன். முதல் பக்கத்தில் ஒரு தடவை சிரித்தார். அந்தச் சிரிப்பு சுட்டதுபோல வேறு எதுவும் என்னைச் சுடவில்லை. படிக்கப் படிக்க அவர் முகத்தில் ஒன்றும் இல்லாமல் போனது. முடித்ததும் முனிரத்தினத்திடம் கொடுத்தார். அவர் நின்றபடியே படித்தார். பிறகு தன் நோட்டை எடுத்து, அச்சு அடித்த மாதிரி எழுதியிருந்த அந்த வரியை ஸ்கேல் வைத்து அடித்தார். கீழே புதிதாக எழுதினார். எழுதிவிட்டு எனக்கு வாசித்துக் காட்டினார். சரிதானா என்று கேட்டார். சரி என்றேன்.

"படத்த அழிச்சிரட்டுமா மேடம்?"

"வேண்டாம். அது இருக்கட்டும்." லேப்டாப்பில் A47க்கு நேரே மேடம் ஏதோ அடித்தார். என்ன எழுதினீங்க என்று கேட்டேன். "விரட்டி எடுத்தது" என்றார். அந்த நம்பரை இனி எந்த ஊரில் யார் திறந்து பார்த்தாலும் அதுவும் கூடவே இருக்குமாம்.

கேமராவைப் பையில் வைத்துக்கொண்டார். "குஞ்சுக்கு வேற ஆள் கிடைக்கற வரைக்கும் நீங்களே மீன் போடுங்க. எத்தனை போட்டீங்கன்னு இதுலயே எழுதுங்க" என்று நோட்டை மட்டும் திருப்பித் தந்தார். அக்கா என்று சொன்ன ஞாபகம் இல்லை. பால்கோவா டப்பா பெஞ்சிலேயே இருந்தது. பின்னால் ஓடிப் போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 26, வியாழன்

மீன் 14.

ஆறுமுகநயினார் வீட்டுக்குப் போய், உட்காராமல், சிரிக்காமல், ஒவ்வொரு நாளாகச் சொன்னேன். முனிரத்தினமும் கூட வந்தார். இல்லையென்றால் இதையும் கதை என்றிருப்பார்கள். தலைவர் கேட்டு முடித்து, "போய்ட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 27, வெள்ளி

மீன் 15. பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

மார்ச் 1, ஞாயிறு

மீன் 17. குஞ்சு இறக்கையை விரித்து விரித்துப் பார்க்கிறது.

வரி எழுதுகிறவர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். வெள்ளைப்பாண்டி வீட்டில் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, வரி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வீடு என்னுடையது. ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். தாண்டிப் போனார்கள். சரிதான்.

மார்ச் 2, திங்கள்

விடிந்ததும் கரைக்குப் போய் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று ராத்திரியே யோசித்து வைத்திருந்தேன். தப்புப் பண்ணிட்டேன் கொழுந்தனாரே, அவ்வளவுதான். மூணு வார்த்தைக்குமேல் போனால் என் நாக்கை நம்ப முடியாது.

வண்டி வந்தது. எனக்குப் பக்கத்தில் வந்து, ஓரமாக, ஒழுங்காக நின்றது. அவர் இறங்கவில்லை. இரண்டு கையும் ஹாண்டில்பாரில் இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"என்னம்மா வேணும்?"

பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கேட்கிற மாதிரி, மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மூணு வார்த்தையும் வரவில்லை. அந்த இடத்துக்குக் கேலி ஒன்று ஓடி வந்தது. அதை விழுங்கினேன்.

"ரெண்டு பன்னு" என்றேன்.

பெட்டியைத் திறந்து, பேப்பரில் சுற்றி, நூல் கட்டிக் கொடுத்தார்.